அடுப்பு ஏன் புகைகிறது? வவுனியா ரவுணில் விறகு வாங்குவோருக்கும் எரிப்போருக்கும்

வவுனியா ரவுணுக்குள் இடியப்பமும் பிட்டும் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிற வீடு எங்களுடையது. அதிகாலை மூன்றரைக்கு அடுப்பு மூட்டினால்தான் ஆறு மணிக்குப் பெட்டி வெளியே போகும். அந்த நேரத்தில் அடுப்பு சண்டித்தனம் செய்தால் அன்றைய வேலை முழுவதும் குழம்பிவிடும்.

நான் வளர்ந்தது நெடுங்கேணிப் பக்கம். அங்கே விறகு என்பது காசு கொடுத்து வாங்கும் பொருளே இல்லை. வளவுக்குள் விழுந்த கொப்பு, வேலி வெட்டியபோது மிஞ்சியது, வயல் வெட்டைக்குப் போய் வரும்போது கட்டிக்கொண்டு வந்தது, இவ்வளவும் போதும். ரவுணுக்கு வந்த பிறகுதான் விறகுக்கு விலை இருக்கிறது, அளவு இருக்கிறது, அதற்குள் ஏமாற்றும் இருக்கிறது என்று தெரிந்தது. 2022 இல் காஸ் இல்லாமல் போய், 12.5 கிலோ சிலிண்டர் 4,800 ரூபாயைத் தாண்டியபோது எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு மதிலோரம் கல்லடுப்பு வந்தது. காஸ் அடுப்பிலேயே சமைக்கப் பழகிய பிள்ளைகள் "அக்கா, எரியுதில்லை" என்று கண் சிவக்க வந்து நின்றார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அடுப்பிலும் பிழை இருக்காது, ஆளிலும் பிழை இருக்காது. பத்தில் எட்டு முறை விறகுக்குள் தண்ணீர் இருக்கும். அந்த எட்டையும் மற்ற இரண்டையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் அடுப்பு என்ன செய்கிறதோ அந்தத் தலைப்பைப் பாருங்கள்.

பற்றவே மாட்டேன் என்கிறது, தீக்குச்சிதான் தீர்கிறது

முதலில் நீங்கள் நெருப்பு வைப்பது எதற்கு என்று பாருங்கள். மணிக்கட்டுத் தடிப்புள்ள கட்டைக்கு நேரே தீக்குச்சியைப் பிடித்தால் எவ்வளவு காய்ந்த கட்டையும் பற்றாது. மெல்லியதிலிருந்து தடித்ததற்குத்தான் நெருப்பு ஏறும். முதலில் பன்னாடை, காவோலைக் கிழிசல், தேங்காய்த் தும்பு, இவற்றில் ஒன்று. அதன்மேல் பெருவிரல் தடிப்புக்குக் குறைந்த சுள்ளி. மரம் அரிந்து விற்கும் மரக்காலையில் வாங்கிய சீவலும் நல்லதுதான். ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்தால் அது பத்து நிமிடம் நின்று எரியும். அதற்குள் பெரிய விறகு பிடித்துவிடும். பனங்கொட்டையின் ஊமல் கிடைத்தால் விடாதீர்கள்.

அடுத்தது சாம்பல். நேற்றைய சாம்பல் அடுப்பின் வாய் வரை நிறைந்திருந்தால் அடியில் காற்றுக்கு வழி இல்லை. முழுவதையும் வழித்து எடுக்கவும் வேண்டாம். இரண்டு விரல் தடிப்பு விட்டுவிட்டு மிச்சத்தை அள்ளுங்கள். அந்த அடிச் சாம்பல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

பிறகு நெருக்கம். பயத்தில் விறகை அடைந்து வைப்பார்கள். மூன்று கட்டை போதும், இடையில் ஒரு விரல் இடைவெளி வேண்டும். அதற்காக ஒரேயொரு கட்டையை வைத்தாலும் எரியாது. ஒன்றின் சூடு மற்றதில் பட்டால்தான் இரண்டும் நின்று எரியும். ஊதுகுழலால் ஊதும்போது சுவாலைக்கு ஊதாதீர்கள், அடியில் சிவந்திருக்கும் இடத்துக்கு ஊதுங்கள்.

மண்ணெண்ணெய் விடுவதானால் நெருப்பு வைப்பதற்கு முன் ஒரு துணித்துண்டிலோ ஊமலிலோ தோய்த்து வையுங்கள். அணைந்ததுபோல் கிடக்கும் தணலின்மேல் போத்தலால் ஊற்றவே கூடாது. தணல் சூட்டில் எண்ணெய் முதலில் ஆவியாகும், பிறகு அந்த ஆவி ஒரே அடியாகப் பற்றி முகத்துக்கு வரும். என் சித்திக்கு ஒரு கையும் கழுத்தும் வெந்தது அப்படித்தான்.

பற்றுகிறது, ஆனால் புகைதான் வருகிறது. கட்டை முனையில் நுரை தள்ளுகிறது, சீறுகிறது

இதுதான் நான் சொன்ன எட்டு. கட்டை முனையில் நுரையும் தண்ணீரும் வந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். விறகு பச்சை.

வெட்டிய கையோடு ஒரு மரத்தை நிறுத்தால் அதன் நிறையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை தண்ணீர்தான். ஓர் அந்தர், அதாவது 112 இறாத்தல், கிட்டத்தட்ட 51 கிலோ பச்சை விறகை நீங்கள் வாங்கினால் அதற்குள் 17 முதல் 25 லீட்டர் தண்ணீரையும் சேர்த்து வாங்குகிறீர்கள். காற்றோட்டத்தில் நன்றாக உலர்ந்த விறகில் அது 15 முதல் 20 வீதத்துக்கு இறங்கிவிடும். அது அடுப்புக்குப் போதும்.

தண்ணீர் ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது? கிணற்றுத் தண்ணீர் ஒரு லீட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல் ஏழெட்டு மடங்கு வெப்பம், அதே லீட்டரை முழுவதும் ஆவியாக்கத் தேவை. உங்கள் உலைக்குப் போக வேண்டிய சூடு முதலில் கட்டைக்குள் இருக்கும் தண்ணீரை விரட்டப் போகிறது. அதோடு நிற்பதில்லை. விறகு சூடாகும்போது அதன் நிறையில் முக்கால் பங்குக்குக் கிட்ட வாயுவாக வெளியே வரும். நாம் சுவாலை என்று பார்ப்பது அந்த வாயு எரிவதைத்தான். அது முழுதாய் எரிய 600 பாகை செல்சியஸ் அளவு சூடு வேண்டும். தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கும்வரை அடுப்பு அந்தச் சூட்டுக்கு ஏறாது. எரியாத வாயு புகையாகிக் கூரைக்குப் போகிறது. காசு கொடுத்து வாங்கிய விறகின் பெரும் பகுதி அப்படிக் கண்ணை எரித்துக்கொண்டு வெளியே போய்விடுகிறது என்பதுதான் எனக்குப் பொறுக்காதது.

அன்றைக்குச் சமைத்தே ஆக வேண்டும் என்றால், கட்டையை விரல் தடிப்புக்குப் பிளந்துவிடுங்கள். பிளந்த பச்சை விறகு பிளக்காத பச்சை விறகைவிட நன்றாகவே எரியும். சிரட்டையும் பனைமட்டையும் கலந்து எரியுங்கள். நாளைக்கு வேண்டிய விறகை இன்றைக்கு எரியும் அடுப்பின் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். மிக அருகே வைத்துவிட்டுப் போய்ப் படுக்க வேண்டாம்; அது தானாகப் பற்றும்.

நிரந்தரத் தீர்வு காயவிடுவதுதான், அதற்கு முதலில் பிளக்க வேண்டும். பட்டையால் தண்ணீர் வெளியேறாது, வெட்டு முகத்தாலும் பிளவு முகத்தாலும்தான் வெளியேறும். உருண்டைக் கட்டையாக ஒரு வருடம் கிடந்தாலும் நடுவில் பச்சையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கோடாலிக்காரருக்குக் கொடுக்கும் கூலியை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். கொத்திய வேம்பு சோளகம் வீசும் மாதங்களில், வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில், எங்கள் முற்றத்தில் ஆறு ஏழு கிழமையில் எரிக்கப் பதமாகிவிடும். பாலை, வீரை போன்ற வைரமான மரங்களுக்கு ஒரு முழுக் கோடை வேண்டும்.

காய்ந்ததா என்று பார்க்க நாலு வழி இருக்கிறது. வெட்டு முகத்தில் நடுவிலிருந்து வெளியே ஓடும் வெடிப்புகள் இருக்க வேண்டும். பட்டை கையோடு கழன்று வர வேண்டும். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் ணங்கென்று கேட்க வேண்டும், தொப்பென்று கேட்டால் பச்சை. ஒரு கட்டையைப் பிளந்து உட்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், குளிர்ந்தால் ஈரம். இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது தராசை. லோட்டில் ஒரு கட்டையை எடுத்து, மா நிறுக்கும் தராசில் வைத்து, நிறையைக் கரியால் அதன்மேலேயே எழுதிவிடுவேன். கிழமைக்கு ஒருமுறை நிறுப்பேன். இரண்டு கிழமை தொடர்ந்து நிறை மாறாமல் நின்றால் அந்த அடுக்கு தயார்.

நேற்று நன்றாக எரிந்த அதே விறகு இன்று எரியவில்லை

மழை. ஐப்பசி பிறந்து வாடை திரும்பினால் மார்கழி, தை வரை எங்களுக்கு மாரி. காய்ந்த விறகு மழையில் நனைந்தால் அது மேலீரம்தான். பச்சை விறகின் உள்ளீரம் போல இல்லை. ஒரு நாள் கூரைக்கு உள்ளே நிறுத்தி வைத்தால் போய்விடும். ஆனால் தறப்பாளைத் தரை வரை இழுத்து மூடிக் கட்டாதீர்கள். மண்ணிலிருந்து எழும் ஈரம் உள்ளேயே வியர்த்து, நனையாத விறகும் பூஞ்சணம் பிடிக்கும். மேலே தகரம் அல்லது தறப்பாள், பக்கம் நான்கும் திறப்பு. இவ்வளவுதான்.

இரண்டு மாதம் வரும் என்று வாங்கிய லோட் மூன்று கிழமையில் முடிந்துவிட்டது

இதை ஆறுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் காசு போகிறது.

ரவுணில் விறகு மூன்று வழியில் வருகிறது. சைக்கிளில் கட்டாகக் கொண்டு வருகிறவர்கள். லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மிசினின் பெட்டியிலோ பெரிய உழவு மிசின் பெட்டியிலோ லோட்டாகக் கொண்டு வருகிறவர்கள். மரக்காலையில் அரிவு மிச்சம். இதற்குள் நிறைக்கு விற்பது ஒன்று, கண்ணளவுக்கு விற்பது ஒன்று. இரண்டுக்கும் இரண்டு விதமான கவனம் வேண்டும்.

நிறைக்கு வாங்கினால் ஈரம் உங்களுக்கு நட்டம். பச்சை விறகு பாரம், அதனால் விற்பவருக்குப் பச்சையாகக் கொடுப்பதுதான் இலாபம். நிறைக்கு வாங்குவதானால் கோடைக் கடைசியில், ஆடி ஆவணியில், காய்ந்ததை வாங்குங்கள். கண்ணளவு லோட்டில் நிலைமை மறுபக்கம். பச்சையோ காய்ந்ததோ பெட்டிக்குள் பிடிக்கும் கட்டை ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆகவே கோடை தொடங்கும்போது, பங்குனி சித்திரையில், பச்சையாகக் குறைந்த விலைக்கு வாங்கி நீங்களே காயவிடலாம். இடம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். கார்த்திகையில் போய் விறகு தேடினால், இருப்பதை, ஈரத்தோடு, கேட்ட விலைக்கு வாங்க வேண்டிவரும்.

ஒரு முறை நல்ல காய்ந்த வீரை என்று சொல்லி ஒரு லோட் கொண்டுவந்து இறக்கினார்கள். மேலே பார்த்தால் வெடித்துக் காய்ந்த கட்டை. நான் பின்னுக்குக் கொதித்துக்கொண்டிருந்த உலையைப் பார்க்கப் போய்விட்டேன். அன்றிரவு அடுக்கும்போதுதான் தெரிந்தது: மேல் இரண்டு வரி மட்டும் வீரை, நடுவில் பச்சைக் கிளுவையும் முருங்கையும், வளைந்த கொப்புகளைக் குறுக்கே போட்டு இடைவெளி விட்டு அடுக்கியிருந்தார்கள். எங்கள் அடுக்கில் அது முக்கால் பெட்டிக்கும் வரவில்லை. அதற்குப் பிறகு நான் பெட்டிப் பக்கத்தில் நின்று இறக்கச் சொல்கிறேன். நடு வரியிலிருந்து ஒரு கட்டையை எடுத்து "தம்பி, இதைக் கொத்திக் காட்டுங்கோ" என்று கேட்பேன். நேர்மையாக விற்கிறவர்கள் உடனே கொத்திக் காட்டுவார்கள். எங்களுக்கு இப்போது கொண்டுவருகிற தம்பி கேட்க முன்பே கோடாலியை எடுத்துவிடுவார்.

மரத்தின் சாதியும் முக்கியம். முருங்கை, இலவு, முள்முருங்கை, கிளுவை, இவை பஞ்சு போல. சுவாலை வரும், தணல் நிற்காது. பற்றவைக்கவும் அவசரத்துக்குத் தேநீர் வைக்கவும் உதவும், உலைக்கு உதவாது. புளி, வேம்பு, விளா, நாவல் நல்லவை. பாலை தண்ணீரில் போட்டால் அமிழும் அளவுக்குப் பாரம். அதன் தணல் ஒரு சமையல் முடிந்து அடுத்த சமையலுக்கும் நிற்கும். இருந்தாலும் நான் பச்சைப் பாலையை விறகாக வாங்குவதில்லை. ஆனி ஆடியில் பாலைப்பழம் பொறுக்கி வளர்ந்தவர்களுக்கு அந்த மரத்தைக் கொத்த மனம் வராது. வன்னிக் காட்டில் அது வளர எத்தனை தலைமுறை ஆகிறது என்பதும் தெரியும்.

எங்கேயிருந்து வந்தது என்று கேளுங்கள். ஒதுக்கக் காட்டில் அனுமதியில்லாமல் வெட்டிய மரம் என்றால் ஏற்றியவருக்கு மட்டும் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை உங்கள் சொந்த வளவில் நின்றாலும் நினைத்தபடி வெட்ட முடியாது. 1951 ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் அவற்றைக் காக்கிறது. தென்னந்தோட்டத்து மட்டை, பாளை, மரக்காலை மிச்சம், கொப்பு வெட்டிய வேம்பு, இவற்றால் ஒரு குடும்பம் தாராளமாகச் சமைக்கலாம். வளவு இருப்பவர்கள் வேலிக்குச் சீமைக்கிளுவையை, அதுதான் கிளிரிசீடியாவை, நட்டுவிடுங்கள். பெயரில் கிளுவை இருந்தாலும் எரிப்பில் அது வேறு சாதி. வெட்ட வெட்டத் தழைக்கும், காய்ந்தால் புகை குறைந்து நன்றாக எரியும். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்து நான்காவது பெருந்தோட்டப் பயிராக 2005 இல் அரசு அதை ஏற்றுக்கொண்டதற்கு அதன் விறகும் ஒரு காரணம்.

சுவாலை ஓங்கி எரிகிறது, உலை மட்டும் கொதிக்கவில்லை

சுவாலை சட்டியின் அடியில் படாமல் பக்கத்தால் ஏறிப் போகிறது. சட்டிக்கும் விறகுக்கும் இடையில் ஒரு சாணுக்குக் குறைவாக இருக்க வேண்டும், நாலு விரலுக்குக் குறையக் கூடாது. நெருங்கினால் சுவாலை சட்டியில் மோதிக் குளிர்ந்து புகையும். விலகினால் சூடு காற்றோடு போகும். சோளகம் அடிக்கும் நாட்களில் திறந்த கல்லடுப்புக்கு மூன்று பக்கமும் தகரமோ மண் சுவரோ மறைப்பு இல்லாமல் சமைப்பது காற்றுக்கு விறகு போடுவதுதான்.

1980களில் இலங்கையில் பரவிய அனகி மண் அடுப்பு எங்களிடம் இரண்டு இருக்கிறது. ஒரு வாயில் விறகு வைத்தால் இரண்டு சட்டிக்குச் சூடு போகும். முன் அடுப்பில் இடியப்பச் சட்டி, பின் அடுப்பில் பிட்டுக்குத் தண்ணீர். கல்லடுப்பை விட்டு அதற்கு மாறியபோது விறகுச் செலவு கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. வெடித்தால் புற்றுமண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசலாம்.

பாத்திரத்துக்கு மூடி போட்டிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டிக்கும் பானை வாய்க்கும் இடையில் ஆவி கசிந்தால் ஈரத்துணி சுற்றி அடையுங்கள். அந்த ஒரு துணிக்கு இரண்டு கட்டை மிச்சம்.

கொதித்த பிறகு பொங்கி வழிந்தால் தண்ணீர் தெளிக்காதீர்கள். எரிவதை இழுத்தால் கொதிப்பது அடங்கும் என்று சொன்னவர்கள் அடுப்படியில் நின்று சொன்னவர்கள்தான். இழுத்த கட்டையை மண்ணில் குத்தி அணைத்தால் நாளைக்கு அதுதான் முதலில் பற்றும்.

வெடித்துத் தெறிக்கிறது

சின்னப் பொறி என்றால், கட்டைக்குள் அகப்பட்ட ஈரம் ஆவியாகி வழி தேடுகிறது. காய்ந்ததும் நின்றுவிடும். மூங்கில் என்றால் கணுக்களுக்கு இடையில் அடைபட்ட காற்று வெடிக்கும். ஒவ்வொரு கணுவையும் பிளந்துவிட்டு எரியுங்கள்.

எங்கள் மண்ணில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முல்லைத்தீவுக் கரையோரம், புதுக்குடியிருப்புப் பக்கம் நின்ற பனைகளிலும் தென்னைகளிலும் ஷெல் துண்டுகளும் சன்னங்களும் இன்னும் இருக்கின்றன. அரிவு வாள் பல்லுடைவதால் அந்த மரங்களுக்கு மரக்காலைகள் பயப்படும். கொத்தும்போது கோடாலி உலோகத்தில் பட்ட சத்தம் கேட்டால் அந்தக் கட்டையை விட்டுவிடுங்கள். இரும்பு சிதறிக் கண்ணுக்கு வரும்.

அதைவிடப் பெரிய ஆபத்து தரையில். நீண்ட காலம் பாழாய்க் கிடந்த வளவில் வெறும் நிலத்தில் அடுப்பு மூட்டாதீர்கள், குப்பை கூட்டிக் கொளுத்தாதீர்கள். மண்ணுக்குள் கிடந்த வெடிபொருள் சூட்டில் வெடித்துப் பிள்ளைகள் காயப்பட்டதும் இறந்ததும் வன்னியில் நடந்திருக்கிறது. கல்லடுக்கி, அதன்மேல் தகரமும் மண்ணும் போட்டு, நிலத்துக்கு மேலே உயர்த்தி அடுப்பு வையுங்கள். விறகு பொறுக்கப் போன இடத்தில் துருப்பிடித்த எதையாவது கண்டால் தொடாமல், வந்த அடியிலேயே திரும்பி வந்து கிராம அலுவலரிடமோ பொலிஸின் 119 இலோ சொல்லுங்கள். கண்ணிவெடிப் பலகை நிற்கும் இடத்துக்குள் ஒரு சுள்ளிக்காகவும் போக வேண்டாம்.

கண் தாங்க முடியாமல் எரிகிறது, மணமும் வேறு மாதிரி

சாதாரணப் புகை எரிச்சல் இல்லை இது. உடனே அந்தக் கட்டையை வெளியே இழுங்கள்.

களப்போரம் வெட்டிய விறகென்றால் தில்லையாக இருக்கலாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும், புகையும் கண்ணுக்கு ஆகாது. அலரிக் கம்பு நச்சு. அதில் சமைக்கவும் கூடாது, அதை அகப்பையாகவோ குச்சியாகவோ பயன்படுத்தவும் கூடாது. மரமுந்திரிகைக் கொட்டையின் கோதை எரித்தால் வரும் புகையும் தோலையும் கண்ணையும் எரிக்கும்.

கறுப்பாக எண்ணெய் ஊறி, தார் மணக்கும் பழைய கட்டை என்றால் அது தண்டவாளத்துக்கு அடியில் போடும் ரயில் சிலிப்பராக இருக்கும். 1990 இல் வவுனியாவுக்கு அப்பால் யாழ்தேவி ரயில் ஓடாமல் நின்ற பிறகு தண்டவாளமும் சிலிப்பரும் பதுங்குகுழிகளுக்குப் போயின. யாழ்ப்பாணம் வரை ரயில் திரும்பி ஓடியது 2014 இல். இடையில் போன கட்டைகள் இப்போதும் சில வளவுகளில் வேலித்தூணாக நிற்கின்றன. உக்காமல் இருக்க ஊட்டிய எண்ணெய் அதில் இருக்கிறது. வேலிக்கு இருக்கட்டும், அடுப்புக்கு வேண்டாம். பெயின்ற் அடித்த கதவு, ஒட்டுப்பலகை, தளபாடக் கடையின் அமுக்கிய பலகைத் துண்டு, எல்லாம் அதே வரிசை.

சொப்பிங் பையையும் பழைய டியூபையும் பற்றவைக்கப் பயன்படுத்துகிறவர்களிடம் நான் சண்டையே பிடித்திருக்கிறேன். அந்த நச்சுப் புகை நேரே பிட்டுக்குள் போகிறது.

சட்டி கரி பிடிக்கிறது

விறகு ஈரம், அல்லது சட்டி நெருப்புக்கு மிக அருகில். இரண்டையும் சரிசெய்த பிறகும் கொஞ்சம் பிடிக்கும். அடுப்பில் ஏற்றுமுன் சட்டியின் வெளிப்புறத்தில் சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டால் கழுவும்போது கரியும் சாம்பலும் சேர்ந்து கழன்றுவிடும்.

புகை பக்கத்து வீட்டுக்குப் போகிறது

ஊரில் இது ஒரு கேள்வியே இல்லை. குருமன்காட்டிலோ வைரவபுளியங்குளத்திலோ மதிலுக்கு மதில் ஒட்டிய வீட்டில் இதுதான் முதல் கேள்வி. எங்கள் பக்கத்து வீட்டில் சுவாசக் கஷ்டம் உள்ள ஒரு சின்னப் பிள்ளை இருக்கிறது. அந்தப் பிள்ளையின் இருமல் காலையில் எனக்குக் கேட்கும். அதனால் இதை நான் விளையாட்டாக எடுப்பதில்லை. வீட்டுக்குள் எரிக்கும் எரிபொருளின் புகையால் 2020 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதிகம் புகை குடிப்பவர்கள் அடுப்புக்கு முன்னால் இருக்கும் பெண்களும் அவர்களுடைய மடியில் இருக்கும் பிள்ளைகளும்தான்.

மார்கழி, தை விடியற்காலையில் காற்று அசையாது. நிலத்தோடு குளிர்ந்த காற்று கிடக்கும், மேலே சூடு. அந்த நேரம் புகை மேலே ஏறாமல் ஒழுங்கை முழுவதும் படரும். நாங்கள் அந்த மாதங்களுக்கென்று மிகக் காய்ந்த விறகைப் பிரித்து வைக்கிறோம். பற்றவைக்கும் முதல் கால் மணி நேரத்தில்தான் புகை அதிகம் என்பதால், மெல்லிய விறகால் வேகமாகச் சூடேற்றிவிட்டுப் பிறகு பெரியதை வைக்கிறோம்.

புகைபோக்கி வைப்பதென்றால் கூரை முகட்டுக்கு மேலே இரண்டடியாவது உயர வேண்டும். வளைவு குறையக் குறைய இழுப்பு நல்லது. மேலே மழைக்குத் தொப்பி. மாதம் ஒருமுறை உள்ளே படியும் கரியைத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் புகை வீட்டுக்குள் திரும்பும், சில நேரம் அந்தக் கரியே பற்றும். கிடுகுக் கூரைக்குள்ளால் தகரக் குழாயை நேரே விடுவது வீட்டைக் கொளுத்துவதற்குச் சமம். முன்பு இழுத்த புகைபோக்கி இப்போது இழுக்கவில்லை என்றால் முதலில் கரியைப் பாருங்கள், அடுத்தது குருவிக்கூடு.

அடுக்கிய விறகு மாவாகக் கொட்டுகிறது

வெள்ளை மா கொட்டினால் வண்டு துளைக்கிறது. அந்தக் கட்டைகளை முதலில் எரித்துத் தீர்த்துவிடுங்கள். கதவு நிலைகளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மண் பூசியதுபோல் இருந்தால் கறையான். நாலு கல்லின்மேல் இரண்டு சீமெந்துத் தூணைப் போட்டு, சுவரிலிருந்து ஓர் அடி விலக்கி அடுக்கினால் கறையானும் வராது, காற்றும் போகும், பின்பக்கம் என்ன இருக்கிறது என்றும் தெரியும். தெரிய வேண்டும். கண்ணாடி விரியனும் நாகமும் தேளும் விறகு அடுக்கைத் தேடி வரும், எலி இருந்தால் இன்னும் வரும். இருட்டில் கையை விட்டு விறகு எடுக்காதீர்கள். டோர்ச் அடித்து, ஒரு தடியால் தட்டி, மேல் வரியிலிருந்து எடுங்கள். அடுத்த நாள் விறகை முதல் நாள் வெளிச்சத்திலேயே அடுப்படிக்குள் கொண்டுவந்து வைப்பது எங்கள் வீட்டில் மாறாத வழக்கம்.

தலையிடிக்கிறது, தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது

இதற்கு அடுப்பைத் திருத்த நிற்க வேண்டாம். எல்லோரும் வெளியே வாருங்கள்.

புகை தெரியாத தணலிலிருந்தும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மழை இரவில் கதவு யன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே தணற்சட்டி வைப்பது, பிள்ளை பெற்றவளின் கட்டிலடியில் தணல் வைத்து அறையை மூடுவது, இவை இரண்டும் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. நித்திரையிலேயே ஆளைக் கொண்டுபோகும். தணல் வேண்டுமென்றால் எதிரெதிர் யன்னல் இரண்டும் திறந்திருக்க வேண்டும், ஒருவர் விழித்திருக்க வேண்டும், ஆள் படுக்குமுன் சட்டி வெளியே போக வேண்டும்.

ஒரே அறையில் இருந்த இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலையிடித்தால் அதைத் தடிமன், காய்ச்சல் என்று விடாதீர்கள். ஆட்களை முற்றத்துக்குக் கொண்டுவந்த பிறகு 1990 க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அறைக்குள் தணல் இருந்தது என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். அடுப்பை அணைப்பது அதற்குப் பிறகு.